திருகைப் பாட்டில் ஒரு குரல்

வென்ட்வேர்த்வில், சிட்னி
14 மார்ச் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

கௌரிசங்கர் நமஸ்காரம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்திம்பேர் இனிப்பைக் குறைத்தாரா, இல்லை உனக்குத் தெரியாமல் தின்கிறாரா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, நீ போனை எடுப்பதில்லை என்பதைத் தவிர. எப்போது அடித்தாலும் அத்திம்பேர்தான் எடுக்கிறார். "அக்கா குளிக்கிறாள்" என்கிறார். மெல்போர்னில் தண்ணீர்க் கட்டுப்பாடு என்று நியூஸில் சொல்கிறார்கள். நீ மட்டும் நாள் முழுக்கக் குளித்துக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தைக் குளித்துவிட்டு வந்தும் படிக்கலாம்.

விஷயம் பெரியது. எண்பத்துநாலில் புனேயிலிருந்து ஒரு பேராசிரியர் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் மேல வீதிக்கு வந்தாரே, நம் மராத்திக்காரப் பெண்களைத் திருகை சுற்ற வைத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் காலமாகிவிட்டார். அந்த ஒலிநாடாக்கள் எல்லாம் புனேயில் ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்திருக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு பாட்டையும் தனியாக வெட்டி, சொற்களை எழுதி, எதைப் பற்றிய பாட்டு என்று குறி போட்டு வைக்கப் போகிறார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தேடிக் கேட்கலாம். தஞ்சாவூர் மராத்தியும் தெரிந்து கம்ப்யூட்டரும் தெரிந்த ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. இரண்டும் தெரிந்த பைத்தியக்காரன் நான்தான், சேர்ந்துவிட்டேன். பரமட்டா ஆபீஸ் வேலை போக சனி ஞாயிறு எல்லாம் இதுதான்.

உன் உதவி வேண்டும். நம் வீட்டுப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதித்தானே பழக்கம்? எனக்கு நாகரி எழுத்து வராது. நான் கேட்டுத் தமிழில் எழுதி அனுப்புகிறேன், நீ நாகரியில் மாற்றிக் கொடு. ஹிந்திப் பரீட்சை எல்லாம் எழுதி மெடல் வாங்கினவள் நீதானே.

இன்னொன்று. பேராசிரியர் பாடியவர்களின் பெயரை எழுதவில்லை. ஒவ்வொரு நாடாவிலும் 'தஞ்சாவூர், பெண்' என்று மட்டும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அம்மாவும் பாடினாள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அம்மாவின் குரல் இந்த உலகத்தில் வேறு எங்கும் பதிவாகவில்லை அக்கா. எங்கேயோ அந்த நாடாக்களுக்குள் இருக்கிறாள்.

உன் தம்பி
கௌரி

டாண்டினாங், மெல்போர்ன்
2 ஏப்ரல் 2010

சிரஞ்சீவி கௌரிசங்கருக்கு,

அக்கா பார்கவி அநேக ஆசீர்வாதம். முழங்கால் பரவாயில்லை. உன் அத்திம்பேர் இனிப்பு தின்கிறார், எனக்குத் தெரிந்தேதான் தின்கிறார். நீ ராத்திரியில் பிரெட்டும் ஜாமும் தின்றுவிட்டுப் படுப்பதாகக் கேள்வி. ரயிலடிக்கு எதிரே இடியப்பம் விற்கிறார்கள், வாங்கித் தின்றால் என்ன?

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். சாம்பார் அடிப்பிடித்தது. ஆமாம், அம்மா பாடினாள். அந்த நாள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. மாவு மில் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, யாரும் வீட்டில் அரைப்பதில்லை. பேராசிரியருக்கோ கல் சுற்றும்போது பாடினால்தான் பாட்டு. பக்கத்து ராஜப்பா வீட்டுக் கொல்லையிலிருந்து திருகையைத் தேடி எடுத்து, நம் வீட்டுக் கூடத்தில் தானியம் போடாமல் சும்மா சுற்றினார்கள். வெறும் கல்லோடு கல் உரசி அப்படி உறுமியது. அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள், அவர் கையெடுத்துக் கும்பிட்டு, 'பாயி' என்று மராத்தியில் மரியாதையாகக் கூப்பிட்டு, 'பாடுங்கள்' என்றார். பிறகுதான் பாடினாள். வீட்டில் ஆயி என்று கூப்பிட்டவளை எழுதும்போது மட்டும் ஏன் அம்மா என்று எழுதுகிறோமோ தெரியவில்லை.

நீ எழுதி அனுப்பு, நான் மாற்றித் தருகிறேன். போன் வேண்டாம், போனில் எனக்குப் பேச வருவதில்லை. கம்ப்யூட்டரில் தமிழ் தட்டவும் பொறுமையில்லை. கடிதமே எழுது, உன் கையெழுத்தையாவது பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மற்றவர்கள் பாட்டெல்லாம் மெதுவாக ஆகட்டும். அம்மா இருக்கும் நாடாவை முதலில் கண்டுபிடி. எனக்கு ஒரு தடவை அவள் குரலைக் கேட்க வேண்டும். சீக்கிரம் கேட்க வேண்டும் கௌரி.

அக்கா

வென்ட்வேர்த்வில்
20 ஜூன் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். குளிர் எப்படி? உங்கள் ஊர்க் குளிருக்கு முன்னால் சிட்னிக் குளிர் வெறும் பாவ்லா என்று தெரியும். இருமல் இல்லாமல் இருக்கிறாயா?

முதல் கட்டு உறைக்குள் இருக்கிறது. அம்மா இன்னும் கிடைக்கவில்லை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். ஸ்டேஷன் பக்கத்துக் கடைக் கிருபானந்தன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், "என்ன தம்பி, எந்த நேரமும் பாட்டோ?" என்றார். மராத்திப் பாட்டு என்றேன். "ஐயோ, நான் உங்களைத் தமிழாள் எண்டெல்லோ நினைச்சனான்!" என்று பதறிவிட்டார். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ராஜாவோடு தஞ்சாவூருக்கு வந்த கூட்டம், வீட்டுக்குள் மராத்தி, வாசலைத் தாண்டினால் தமிழ் என்று விளக்கினேன். அவர் "ஓம், அப்ப ரெண்டும் உங்கட பாஷைதான்" என்று ஒரு வடை கூடப் போட்டார்.

புனேக்காரர்களோடு எனக்குச் சண்டை. நம் பெண்கள் பாட்டில் தமிழ்ச் சொல் வரும் இடத்தில் எல்லாம் 'பிழை' என்று சிவப்புக் குறி போடுகிறார்கள். பிழையில்லை, அது தஞ்சாவூர் வழக்கு, அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதினேன். பொறுப்பில் இருக்கும் வைஜயந்தி என்ற பெண் கடைசியில் ஒத்துக்கொண்டாள். நல்லவள்தான், இலக்கணம் கொஞ்சம் அதிகமாகப் படித்துவிட்டாள்.

இன்னொரு வேடிக்கை. இதுவரை எழுதிய பாட்டுகளில் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று கம்ப்யூட்டரை எண்ணச் சொன்னேன். 'பாவு' தான் முதலில் நிற்கிறது. அண்ணன், தம்பி, கூடப் பிறந்தவன். புருஷன் எங்கேயோ அடியில் கிடக்கிறான். அத்திம்பேரிடம் சொல்லாதே.

கௌரி

டாண்டினாங்
25 ஜூலை 2010

சிரஞ்சீவி கௌரிக்கு,

ஆசீர்வாதம். இருமல் இல்லை. உன் அத்திம்பேரிடம் சொல்லிவிட்டேன், அவர் பேப்பரை இறக்காமலே "தெரிந்ததுதானே" என்றார்.

கட்டு முழுவதையும் நாகரியில் மாற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீ 'சரியாகக் கேட்கவில்லை' என்று கோடு போட்டுவிட்ட இடங்களையும் நிரப்பியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், கல்யாணமான பெண் அம்மா வீட்டிலிருந்து யார் வருவார் என்று காத்திருப்பாள்? அப்பாவுக்கு வயசாகியிருக்கும், அம்மா தனியாக வரமாட்டாள். பாவு தான் வரவேண்டும். எனக்குப் பிடித்த ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன்:

ஆற்றில் வெள்ளம் வடியட்டும், என் உடன்பிறந்தான் வரட்டும்.
வாசலில் அவன் செருப்பு கிடந்தால் எனக்கு அது போதும்.

இதற்கு நீ 'ஆறு, மழை' என்று குறி போட்டிருக்கிறாய். மக்கு. வெட்டிவிட்டு 'தம்பி வருகை' என்று போட்டிருக்கிறேன்.

அம்மா கிடைத்தாளா? தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு யோகராணி அன்ரி நான் லாட்டரி ஏதோ வாங்கியிருக்கிறேன் என்று நினைக்கிறார்.

அக்கா

வென்ட்வேர்த்வில்
3 அக்டோபர் 2010

அக்கா,

நமஸ்காரம் எல்லாம் அப்புறம். அம்மா கிடைத்துவிட்டாள்!

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம். துணியை மெஷினில் போட்டுவிட்டு ஒரு நாடாவைக் கேட்க உட்கார்ந்தேன். நாலைந்து பெண்கள் பாடினார்கள். பிறகு ஒருத்தி தொண்டையைக் கனைத்தாள். பாட ஆரம்பிக்கவே இல்லை, கனைத்தது மட்டும்தான். நிறுத்திவிட்டு அந்தக் கனைப்பையே மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். மூன்று பாட்டு பாடுகிறாள். மூன்றாவது பாட்டின் நடுவில் நாடா தீர்ந்துவிடுகிறது, பாவி மனுஷன் வேறு நாடா போடவில்லை.

நடுவில் ஒரு இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு அம்மா ஏதோ சொல்கிறாள். என்ன சொல்கிறாள் என்று நான் எழுத மாட்டேன். நீயே கேட்க வேண்டும்.

திருகைச் சத்தம் அவளை மூடிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்துக் குரலைத் தெளிவாக்கினேன், இரண்டு வாரம் ஆனது. சிடி இத்துடன் இருக்கிறது. பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் கோடு போட்ட இடங்களை நீ நிரப்பினாயே, புனேயில் நல்ல கருவி வைத்துக் கேட்டுச் சரிபார்த்தார்கள். அத்தனையும் சரி. "உங்கள் அக்காவுக்கு எப்படிப்பட்ட காது!" என்று வைஜயந்தி எழுதியிருக்கிறாள்.

பாவுபீஜுக்கு டிக்கெட் பார்க்கட்டுமா? தீபாவளி வெள்ளிக்கிழமை வருகிறது, ஞாயிறு பாவுபீஜ், கூடப் பிறந்தவனுக்கு நீ ஆரத்தி எடுக்கலாம்.

கௌரி

டாண்டினாங்
29 அக்டோபர் 2010

சிரஞ்சீவி கௌரிசங்கருக்கு,

அக்கா ஆசீர்வாதம். சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

சிடி வந்தது. கேட்டேன். உன் அத்திம்பேரை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டேன். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து கல் சுற்றியது போலவே இருந்தது. நீ சொன்ன அந்த இடம் வந்ததும் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன். எவ்வளவு தெளிவாகச் செய்திருக்கிறாய். உனக்கு நூறு வயசு.

இந்த வருஷம் பாவுபீஜுக்கு வராதே. வீட்டில் குழாய் வேலை நடக்கிறது, குப்பையும் தூசியுமாகக் கிடக்கிறது. உன் அத்திம்பேருக்கும் லீவு இல்லை. இங்கிருந்தே உன் பேருக்கு ஆரத்தி எடுத்துவிடுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அக்கா

வென்ட்வேர்த்வில்
28 நவம்பர் 2010

அக்காவுக்கு,

நமஸ்காரம். நலமாக இருக்கிறாயா என்று கேட்கிறேன், நீ உண்மையைச் சொல்வாய் என்ற நம்பிக்கை இல்லாமலே கேட்கிறேன்.

பாவுபீஜ் அன்று தனியாக ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனேன். பக்கத்தில் ஒரு குடும்பம் புளியோதரையைப் பிரித்து வைத்துக்கொண்டு எனக்கும் கொடுத்தார்கள். தம்பி வருகை என்று குறி போட்டுக் கொடுத்தவள், தம்பியை வராதே என்று எழுதுகிறாள். அதையே நினைத்துக்கொண்டு புளியோதரையைத் தின்றேன்.

போன வாரம் அம்மாவின் பாட்டைப் புனேக்கு அனுப்பக் கோப்பைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். சத்தத்தைப் பிரிக்கும்போது இரண்டு கோப்பு வரும். ஒன்றில் குரல், இன்னொன்றில் கழித்த குப்பை. குப்பையையும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம், குரலில் ஏதாவது அதோடு சேர்ந்து போய்விட்டதா என்று. உனக்கு நான் அனுப்பியது அந்தக் குப்பை, அக்கா. அதில் இருப்பது திருகையின் உறுமலும் டேப்பின் இரைச்சலும் ஒரு காக்கையும். அம்மாவின் குரல் அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

நீ எதைக் கேட்டு அழுதாய்? எந்த இடம் வந்ததும் தாங்க முடியவில்லை?

நீ அந்த சிடியைப் போட்டே பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. நான் அம்மாவை அனுப்பினேன், நீ அலமாரியில் வைத்துவிட்டு எனக்குச் சமாதானம் எழுதினாய். போனை எடுப்பதில்லை, வீட்டுக்கு வராதே என்கிறாய். என் மேல் என்ன கோபம்? சொல்லிவிடு, தெரிந்துகொள்கிறேன். சரியான சிடி இத்துடன் இருக்கிறது. இஷ்டமிருந்தால் கேள்.

கௌரிசங்கர்

டாண்டினாங்
6 பிப்ரவரி 2011

என் கண்ணான கௌரிக்கு,

ஆசீர்வாதம். இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்று உன் அத்திம்பேர் பேனாவைக் கையில் கொடுத்து, தபாலில் போடும்வரை நகர மாட்டேன் என்று எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குக் காது கேட்பதில்லை கௌரி. இடது காது போய் நாளாகிவிட்டது. வலது காதும் போய்க்கொண்டே இருந்தது. நரம்புக் கோளாறு என்கிறார்கள். போனில் உன் குரல் எனக்குத் தண்ணிக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. உனக்குத் தெரிந்தால் கத்திப் பேசுவாய், பரிதாபமாகப் பார்ப்பாய். நான் உனக்கு அக்காவாகவே இருக்க நினைத்தேன். நீ கோடு போட்ட இடங்களை நான் காதால் கேட்டு நிரப்பவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்த பாட்டுகள், அன்று அந்தக் கூடத்தில் நானும் இருந்தேன்.

காதுக்குள் கருவி வைத்துத் தைக்கலாம் என்று டாக்டர் போன வருஷத்திலிருந்தே சொல்கிறார். அதன்பின் பேச்சு புரியுமாம். ஆனால் காதில் மிச்சமிருக்கிற சொந்தக் கேட்கும் சக்தி போய்விடும், பாட்டு பாட்டாகக் கேட்காது என்றும் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் உன் முதல் கடிதம் வந்தது. அம்மாவை ஒரே ஒரு தடவை என் சொந்தக் காதால் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன். அதனால்தான் உன்னை அவசரப்படுத்தினேன்.

முதல் சிடியை அலமாரியில் வைக்கவில்லை. சத்தத்தை முழுக்க ஏற்றி ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். உறுமல் கேட்டது. கனத்த சத்தம் மட்டும் இந்தக் காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த உறுமலுக்கு உள்ளே அம்மா பாடிக்கொண்டிருக்கிறாள், என் காதுதான் அவளைத் தவறவிடுகிறது என்று நினைத்தேன். அதற்குத்தான் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

இப்போது நீ அனுப்பிய சரியான சிடியைப் போட்டேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கல்லும் இல்லை, அம்மாவும் இல்லை. உன் அத்திம்பேர் பக்கத்தில் நின்று கேட்டார். அவர் கண் கலங்குவதைப் பார்த்து, அம்மா பாடுகிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

பாட்டை நிறுத்திவிட்டு அம்மா என்ன சொன்னாள்? அவரிடம் கேட்கவில்லை. அவர் மராத்தி உனக்குத் தெரியும், ஏதாவது உளறுவார். நீ எழுது.

அக்கா

வென்ட்வேர்த்வில்
9 பிப்ரவரி 2011

அக்கா,

கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன். நான் எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடு. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைவிட வருத்தமாக இருக்கிறது. இவ்வளவு நாள் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்தாய்?

அம்மா முதல் பாட்டின் நடுவில் கல்லை நிறுத்துகிறாள். கொஞ்சம் உரத்த குரலில், "பார்கவி, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், போய்ப் பார்" என்கிறாள். நம் பாஷையில்தான். உடனே பதில் வராததால், "அடி பார்கவி!" என்று இன்னொரு தடவை கூப்பிடுகிறாள். அந்த இரண்டாவது தடவை சிரிப்பு கலந்திருக்கிறது. பிறகு கொலுசுச் சத்தம். நீ எழுந்து போகிறாய். பிறகு அம்மா விட்ட இடத்திலிருந்து பாடுகிறாள்.

ஈஸ்டருக்கு வருகிறேன். குழாய் வேலை நடந்தாலும் வருகிறேன், கூரையே பெயர்ந்து கிடந்தாலும் வருகிறேன். நான் கத்தமாட்டேன். நோட்டும் பென்சிலும் கொண்டுவருகிறேன், ராத்திரி முழுக்க எழுதிச் சண்டை போடலாம்.

கௌரி

டாண்டினாங்
12 ஜூன் 2011

சிரஞ்சீவி கௌரிக்கு,

ஆசீர்வாதம். நீ வந்து போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது. எனக்கு எல்லா வீடும் அமைதியாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் வித்தியாசம் தெரிகிறது.

நீ விட்டுப்போன ரிக்கார்டரில் பாடிவிட்டேன். நடுவில் அறுந்த அம்மாவின் மூன்றாவது பாட்டை முதலிலிருந்து கடைசிவரை முழுக்கப் பாடியிருக்கிறேன். அதன் முடிவு இப்போது என் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நீ எழுதிக் காட்டியபின் என்னால் மறுக்க முடியவில்லை. கேட்காத ஒருத்தி பாடுவது எப்படி இருக்குமோ தெரியவில்லை. உன் அத்திம்பேர் முன்னால் பாட வாய் வரவில்லை. யோகராணி அன்ரியைக் கூப்பிட்டேன். அவர் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். "நான் கை காட்டினாப் பிறகு துவங்குங்கோ பிள்ளை, அவசரப்படாதேங்கோ" என்றார். பாடி முடித்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனா நல்லாயிருக்கு" என்றார். அவருக்கு இரக்க மனசு, அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அபஸ்வரமாக இருந்தால் மறைக்காமல் எழுது. பாட்டின் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு என் குரலை அழித்துவிடலாம்.

ஆபரேஷனுக்கு ஆகஸ்டில் தேதி கொடுத்திருக்கிறார்கள். போகலாமா வேண்டாமா என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவைக் கேட்காமலே இந்தக் காதை மூடுவதற்கு மனசு வரவில்லை. கேட்க முடியாது என்று தெரிந்தும் வரவில்லை.

அக்கா

வென்ட்வேர்த்வில்
24 ஜூலை 2011

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நீயும் அத்திம்பேரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் இடியப்பம் தின்கிறேன், கவலைப்படாதே.

உன் பாட்டைக் கேட்டேன். சுருதி இரண்டு மூன்று இடத்தில் விலகுகிறது, உள்ளதைச் சொல்கிறேன். மற்றதைப் பிறகு எழுதலாம் என்று இருந்தேன், அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

புனேயில் புதிதாக ஒரு ப்ரோகிராம் வைத்திருக்கிறார்கள். பெயரில்லாத பெண்களைக் குரலை வைத்துப் பிரிக்கிறது. எந்தெந்த நாடாவில் ஒரே பெண் பாடியிருக்கிறாள் என்று பார்த்து, அவள் பாட்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைக்கும். அதற்கு மராத்தியும் தெரியாது, நம் குடும்பமும் தெரியாது. தொண்டையை மட்டும் கேட்கிறது. உன் பாட்டையும் மற்றவற்றோடு சேர்த்து அனுப்பியிருந்தேன், உன் பெயரை எழுத மறந்துவிட்டேன்.

நேற்று வைஜயந்தியிடமிருந்து மெயில். அப்படியே எழுதுகிறேன்: "உங்கள் அம்மாவுக்கு நாலாவது பாட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, வாழ்த்துகள்! மூன்றாவது பாட்டையே முழுதாகப் பாடியிருக்கிறார். ஒலி இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, இது எந்த நாடாவில் இருந்தது?"

அது உன் பாட்டு அக்கா.

மெஷின் தவறு செய்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல முடியவில்லை. உன் பாட்டை முதலில் போட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. உனக்கு எழுதினால் நீ ஆறுதல் சொல்கிறான் என்று நினைப்பாய் என்றுதான் எழுதாமல் இருந்தேன். நீ சின்ன வயசில் இப்படிப் பாடவில்லை, உன் குரல் மெல்லிசாக இருக்கும். இத்தனை வருஷத்தில் எப்போதோ மாறியிருக்கிறது. நீயும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அந்த இரண்டு மூன்று இடத்தில் சுருதி விலகும். நீ எங்கெங்கோ தேடினாய் அக்கா. அவள் உன் தொண்டையில் இருக்கிறாள்.

வைஜயந்திக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அம்மாவின் பாட்டுகளிலிருந்து அதை எடுத்து, உன் பெயரில் தனியாகப் போட வேண்டும். போடட்டுமா?

கௌரி

டாண்டினாங்
10 ஆகஸ்ட் 2011

என் தங்கக் கௌரிக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடினேன். தொண்டையில் கையை வைத்துக்கொண்டு பாடினேன். கையில் அதிர்ந்தது. அக்கா குளிக்கிறாள் என்று இவ்வளவு நாள் உன்னிடம் பொய் சொன்னதற்கு இப்போது நிஜமாகவே குளியலறையில் இருந்தேன்.

நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். முடிவு செய்துவிட்டேன், இனி இழுக்க ஒன்றும் இல்லை. யோகராணி அன்ரி இரண்டு நாள் சமைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், உன் அத்திம்பேர் பட்டினி கிடக்கமாட்டார். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே, தையல் பிரித்தபின் வா. முதலில் உன் குரலைத்தான் கேட்க வேண்டும், எது மாதிரிக் கேட்டாலும் சரி.

பெயர் விஷயம். பிழை பிழைதான், திருத்தத்தான் வேண்டும். என் பெயரைப் போடு, பாஸ்கர் ராவ் மனைவி என்றெல்லாம் எழுதாதே, பார்கவி என்று மட்டும் போடு. ஆனால் இன்றைக்குத் திருத்தாதே கௌரி. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்வரை அது அம்மா பாடியதாகவே இருக்கட்டும்.

அக்கா